சன் சிட்டிக்குப் போக மறுத்த டிரம் கலைஞர்

வாசகர் கேள்வி – பதில்: ராக், மெட்டல் இசை

கேள்வி: அண்ணா, பிரிட்டிஷ் ராக் குழுவான குயீனால் எங்கள் நண்பர் கூட்டமே இரண்டுபட்டுக் கிடக்கிறது. நிறவெறி ஆட்சி நடந்த 1984-இல் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி உல்லாச விடுதியில் பாடியவர்களின் பாட்டைக் கேட்பதே துரோகம் என்கிறான் ஒருவன். அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரி நம் இந்திய ரத்தம், பழையதைக் கிளறாதே என்கிறான் இன்னொருவன். நீங்கள் அப்போது டர்பனில் இருந்தவர். யார் சொல்வது சரி? – சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் இதற்காகச் சண்டை போடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். யாருடைய கிட்டார் வேகமானது என்று மோதிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் உன் நண்பர்கள் இருவருக்குமே அந்த ஆண்டு நம் ஊரில் என்ன நடந்தது என்பது தெரியவில்லை.

1984 ஆகஸ்டில் முத்தரப்பு நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வெள்ளையருக்கு ஓர் அவை, இந்தியர்களுக்கு ஓர் அவை, கலப்பினத்தவருக்கு ஓர் அவை, நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு எதுவுமே இல்லை. பதிவு செய்திருந்த இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் வாக்களித்தார்கள். என் தந்தை அன்று வீட்டு வாசலைத் தாண்டவில்லை. செப்டம்பர் 13 அன்று ஆர்ச்சி குமேடே, பில்லி நாயர், எம்.ஜே. நாயுடு, பால் டேவிட், மேவா ராம்கோபின், ஜார்ஜ் செவ்பர்சாத் ஆகிய நிறவெறி எதிர்ப்புத் தலைவர்கள் ஆறு பேர், தடுப்புக்காவலிலிருந்து தப்புவதற்காக டர்பனில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் போய் அடைக்கலம் கேட்டார்கள். அக்டோபர் தொடக்கத்தில் மூவர் வெளியே வந்தார்கள், வந்ததும் கைதானார்கள். குமேடே, நாயர், டேவிட் மூவரும் டிசம்பர் வரை உள்ளேயே இருந்தார்கள். பிரிட்டனிலிருந்து குயீன் வந்து சன் சிட்டி மேடையில் ஏறியது அந்த அக்டோபரில்தான்.

அப்போது நான் கிரே தெருவில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மாணவர்கள் வந்து கூடுவார்கள். ஒருவர் குயீன் தட்டைக் கையில் எடுத்தால் போதும், "பில்லி நாயர் அங்கே அடைந்து கிடக்கிறார், நீ இதற்குக் காசு கொடுக்கிறாயா?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்பார். இருபது ஆண்டுகள் ராபன் தீவுச் சிறையில் இருந்துவிட்டு வந்த மனிதரைப் பற்றிய பேச்சு அது. எடுத்த கை தட்டைத் திரும்ப வைத்துவிடும். சிலர் வைக்கமாட்டார்கள், அதற்கும் சண்டை நடக்கும்.

குயீன் தரப்பின் நியாயத்தையும் சொல்லவேண்டும். எங்கள் கச்சேரிக்கு எல்லா இனத்தவரும் வந்தார்கள், நாங்கள் ரசிகர்களுக்காகத்தான் வாசித்தோம் என்றார்கள் அவர்கள். காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றுக்கு நன்கொடையும் கொடுத்தார்கள். ஆனால் சன் சிட்டி இருந்தது போஃபுதட்ஸ்வானாவில். கறுப்பின மக்களின் குடியுரிமையைப் பறிப்பதற்காக பிரிட்டோரியா அரசு 'சுதந்திரம்' கொடுத்து உருவாக்கிய நிலம் அது. வெளியுலகில் எந்த நாடும் அதை ஒரு நாடாக ஏற்கவில்லை. கலைஞர்கள் தென்னாப்பிரிக்காவுக்குப் போகவேண்டாம் என்று ஐ.நா. பொதுச்சபை 1980-லேயே கேட்டுக்கொண்டிருந்தது. குயீனுக்கு பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது, ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலிலும் அவர்கள் பெயர் ஏறியது. அவர்களைப் பற்றி 2018-இல் வந்த திரைப்படத்தில் இதெல்லாம் இல்லை. அதை மட்டும் பார்த்த பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

இந்திய ரத்தம் என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, தம்பி. ஃப்ரெடி சான்சிபாரில் பிறந்த பார்சி, பஞ்ச்கனியில் படித்தவர். அந்தக் குரல் எனக்கும் உயிர். ஆனால் இங்கே நம்மை நடத்திய விதத்தைக் கண்டித்து 1946-லேயே தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை நிறுத்திய நாடு இந்தியா. ரத்தத்தைப் பேசுகிறவர் இதையும் சேர்த்துப் பேசட்டும்.

ஆகவே பாட்டைக் கேள், தாராளமாகக் கேள். அவர்கள் வந்தது தவறு என்பதையும் கூசாமல் சொல். 2003 நவம்பரில் கேப் டவுனில் மண்டேலாவின் சிறை எண்ணைப் பெயராகக் கொண்ட 46664 எய்ட்ஸ் நிதிக் கச்சேரியில் குயீனின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் வாசித்தார்கள். அதை மனதாரப் பாராட்டுகிறேன். 1984-ஐ அழிக்கும் ரப்பராக அது ஆகிவிடாது.

கேள்வி: குயீன் போன்றவர்கள் பணத்துக்குப் போவார்கள். மெட்டல் எதிர்ப்பின் இசை. எங்கள் குழுக்கள் அப்படிச் செய்யவில்லை. சரிதானே? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: சரியில்லை. மெட்டலுக்கே மூலவர்களான பிளாக் சபாத் 1987-இல் சன் சிட்டியில் வாசித்தார்கள். முதல் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் அப்போது குழுவில் இல்லை. பாடியவர் டோனி மார்ட்டின். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அமெரிக்க கிட்டார் கலைஞர் ஸ்டீவன் வான் சாண்ட், மைல்ஸ் டேவிஸ், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஜோயி ராமோன் என்று பெரும் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, சன் சிட்டியில் வாசிக்கமாட்டோம் என்று பாடி ஒரு தட்டே வெளியிட்டுவிட்டார். தெரியாமல் வந்தோம் என்று 1987-இல் யாரும் சொல்லிவிட முடியாது.

சபாத் குழுவில் ஒருவர் மட்டும் வரமாட்டேன் என்றார்: டிரம் கலைஞர் பெவ் பெவன். எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ராக் குழுவில் தொடக்கம் முதல் வாசித்த பர்மிங்காம்காரர். அவர் இடத்தில் டெர்ரி சைம்ஸ் வந்தார், கச்சேரிகள் நடந்தன. மெட்டல் ரசிகர்கள் சிறந்த டிரம் கலைஞர் யார் என்று விடிய விடிய வாதாடுகிறார்கள். பெவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. இந்த நாட்டில் வாழும் நாமாவது எடுக்கவேண்டும். அவர் அந்த ஆண்டு வாசிக்காமல் விட்ட தாளத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவன். இப்போது பிளாக் சபாத் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு திரிகிறான். பேய்ப் பாட்டு வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். பயமாக இருக்கிறது. – ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: அம்மா, பயப்படாதீர்கள். உங்கள் மாமியாருக்கு இந்தப் பயம் வந்ததில் வியப்பில்லை. 1992-இல் காவல்துறையே மாந்திரீகக் குற்றங்களுக்கென்று தனிப்பிரிவு தொடங்கிய நாடு இது. அந்த நாட்களில் நீளமுடி வளர்த்த பையன்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் பிளாக் சபாத் என்பது ஒரு பழைய திகில் படத்தின் பெயர். பாட்டு எழுதிய கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. 1971-இல் வந்த ஆல்பத்தில் கடவுளை நம்பச் சொல்லும் பாட்டே இருக்கிறது. அவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகளைச் செய்து கொடுத்தவர் ஓசியின் அப்பா. காவடியும் டி-ஷர்ட்டும் ஒரே பையனிடம் இருக்கட்டும். விரதத்தை மட்டும் ஒழுங்காக இருக்கிறானா என்று பாருங்கள்.

கேள்வி: பிளாக் சபாத் பாடகர்களில் ஓசியா, டியோவா? – லெனேசியா வாசகர்

பதில்: கிட்டார் கலைஞர் டோனி அயோமி. பதினேழு வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர்; அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்துவது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார், மெல்லிய தந்தி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த ஒலியில் பாதி இப்படிப் பிறந்தது. சபாத்தின் எல்லா ஆல்பங்களிலும் இருப்பவர் அவர் ஒருவரே. சன் சிட்டிக்குப் போனவரும் அவரேதான். மேலே எழுதியதை மனதில் வைத்துக்கொண்டுதான் இதையும் எழுதுகிறேன். பாடகரில் ஒருவரைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், முதல் ஆறு ஆல்பங்களுக்காக ஓசி.