வான்கோழி வேட்டைக்கு எந்த நம்பர் தோட்டா?

கேள்வி: அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் பக்கம் இருக்கிறேன். ஹெச்-1பி விசா. கூட வேலை பார்க்கும் நண்பர் வருகிற ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். தன்னுடைய 12 கேஜ் ஷாட்கன் ஒன்றைத் தருவதாகவும் சொல்கிறார். கடைக்குப் போனால் தோட்டாப் பெட்டிகளில் 4, 5, 6, 7½, 9 என்று ஏகப்பட்ட நம்பர்கள். எதை வாங்குவது?

பதில்: ஈயக் குண்டு, 5-ஆம் நம்பர் வாங்குங்கள். ஷாட்கன் தோட்டா ஒவ்வொன்றுக்குள்ளும் நிறையச் சின்னக் குண்டுகள் இருக்கும்; பெட்டியில் இருக்கும் நம்பர் அந்தக் குண்டின் அளவு. 3 அங்குலத் தோட்டா, உள்ளே 1¾ அவுன்ஸ் குண்டு, செம்பு முலாம் பூசியது. வாங்குமுன் துப்பாக்கிக் குழலின் பக்கவாட்டில் ‘3 அங்குலம்’ என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2¾ அங்குலம் என்று மட்டும் இருந்தால் 3 அங்குலத் தோட்டாவை அதில் போடவே கூடாது.

ஏன் 5 என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் எங்கே சுடப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். மிசோரிக் காட்டில் திரியும் கிழக்கத்திய வான்கோழியின் முழு வளர்ச்சி பெற்ற சேவல் எட்டு முதல் பத்து கிலோ வரை இருக்கும். அத்தனை பெரிய உடம்பு கண்ணெதிரே நின்றாலும் உடம்பில் சுடக் கூடாது. அடர்ந்த இறகு, இறக்கை எலும்பு, தடித்த நெஞ்சுச் சதை எல்லாம் தாண்டி உயிர்நிலையைத் தொடும் வலு இந்தச் சின்னக் குண்டுகளுக்குக் கிடையாது. அடிபட்ட பறவை ஓடியோ பறந்தோ போய், எங்கோ புதருக்குள் நாள்கணக்கில் துடித்துச் சாகும். குறி, தலையும் கழுத்தும்தான். மூளையிலோ கழுத்தெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்திலோ ஒன்றிரண்டு குண்டு ஏறினால் நின்ற இடத்திலேயே விழும். அந்த இலக்கின் அகலமோ இரண்டு விரல், மூன்று விரல். அதுவும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே இரண்டு தேவைகள். எலும்பை உடைத்து உள்ளே போகும் கனம் ஒவ்வொரு குண்டுக்கும் வேண்டும். அந்த ஒல்லிக் கழுத்தில் சிலதாவது கட்டாயம் படும்படி எண்ணிக்கையும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். குண்டு பெரிதானால் தோட்டாவுக்குள் கொள்ளும் எண்ணிக்கை குறைந்துவிடும்.

நம்பர் ஏற ஏற குண்டு சிறுக்கும். அமெரிக்கக் கணக்கில் 17-லிருந்து நம்பரைக் கழித்தால் குண்டின் விட்டம், அங்குலத்தில் நூறில் ஒரு பங்காகக் கிடைக்கும். 5-ஆம் நம்பர் என்றால் 12, அதாவது 0.12 அங்குலம், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். 4-ஆம் நம்பர் 3.3 மி.மீ., சின்னக் கொத்தமல்லி விதை அளவு. 9-ஆம் நம்பர் 2 மி.மீ., கடுகு அளவு. 1¾ அவுன்ஸ் ஈயத்தில் 4-ஆம் நம்பர் சுமார் 235 குண்டு இருக்கும். 5 என்றால் 300-க்குக் கொஞ்சம் குறைவு. 6 என்றால் 390-க்கு மேல். 4-இல் கனம் அதிகம், ஆனால் 40 கஜத்தில் குண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும்; கழுத்து அந்த ஓட்டைக்குள் நின்றுவிடலாம். 6 நெருக்கமாக விழும், தூரம் கூடினால் வலு குறையும். 30 கஜத்துக்குள் மட்டுமே சுடுவேன் என்பவருக்கு 6 அருமையான தேர்வு. துப்பாக்கி, 12-ஐவிடக் குழல் ஒடுங்கிய 20 கேஜாக இருந்தால் நானே 6-ஐத்தான் சொல்லியிருப்பேன். அதில் கொள்ளும் ஈயம் குறைவு, எண்ணிக்கையை விட்டுக்கொடுக்க முடியாது. 7½ என்பது பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் தோட்டா. பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்கு வேண்டாம்.

அப்படியானால் கடுகு அளவு 9-ஆம் நம்பரை வான்கோழிப் படம் போட்டு விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அது ஈயம் அல்ல, டங்ஸ்டன் சூப்பர் ஷாட், சுருக்கமாக டிஎஸ்எஸ். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் சுமார் 11 கிராம் என்றால் இது 18 கிராம். குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பது அதன் அடர்த்தியையும் விட்டத்தையும் பெருக்கினால் தோராயமாகத் தெரிந்துவிடும். டிஎஸ்எஸ் 9-க்கு 18 × 2.03, அதாவது 36.5. ஈயம் 4-க்கு 11.1 × 3.3, அதுவும் ஏறக்குறைய அதே 36.6! ஈயம் 5-க்கு 34 வரும். ஆக 4-ஆம் நம்பர் ஈயத்தின் ஊடுருவல், ஆனால் ஒரு அவுன்ஸில் 135-க்குப் பதில் 360 குண்டு. 20 கேஜும் அதைவிட ஒடுங்கிய .410-உம் இன்று வான்கோழிக்குத் தாராளமாகப் போதுமானவை ஆனது இதனால்தான். விலைதான் இடிக்கும், ஈயத்தைவிடப் பல மடங்கு. முதல் சீசனுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. வாங்குவதானால், துப்பாக்கியின் சோக் (குண்டுகள் சிதறாமல் இறுக்க, குழல் முனையில் இருக்கும் குறுகலான பகுதி) டிஎஸ்எஸ்ஸுக்கு ஏற்றதா என்று உறுதி செய்யுங்கள். இந்த உலோகம் எஃகைவிடக் கடினம்.

எஃகுக் குண்டு இதற்கு நேர் எதிர். அடர்த்தி 7.8 மட்டுமே. 4-ஆம் நம்பர் எஃகின் கணக்கு 26-ஐத் தாண்டாது. 6-ஆம் நம்பர் ஈயத்துக்கே 31 வருகிறது. நண்பர் வாத்து வேட்டையில் மிச்சமான எஃகுத் தோட்டாவை நீட்டினால், அதே நம்பர்தானே என்று வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவும் பெட்டிமேல் எழுதியிருப்பதைப் பற்றியது. உங்கள் கையில் இருக்கும் குழல் என்ன செய்கிறது என்பது வேறு விஷயம், எனக்கு அதுதான் பெரிது. ஒரே மாடல் துப்பாக்கி இரண்டில் ஒரே பெட்டித் தோட்டாவைப் போட்டாலும் குண்டு விழும் விதம் மாறும். ஒன்றுக்கு 5 பிடிக்கும், இன்னொன்றுக்கு 6 பிடிக்கும். எனவே 5-இல் ஒரு பெட்டி, 6-இல் ஒரு பெட்டி வாங்கி, சீசனுக்கு இரண்டு வாரம் முன்பே நண்பரோடு சுடுதளத்துக்குப் போங்கள். மூன்றடி அகலத்தில் பெரிய பழுப்புக் காகிதத்தை மாட்டி நடுவே ஒரு புள்ளி வையுங்கள். முதல் வெடி 25 கஜத்திலிருந்து. குண்டுகளின் கூட்டம் புள்ளியைச் சுற்றி விழுகிறதா, மேலேயோ பக்கத்திலோ ஒதுங்குகிறதா என்று பாருங்கள். பல துப்பாக்கிகள் ஒதுங்கும். அப்போது குறிமுள்ளைச் சரிசெய்ய வேண்டும் அல்லது வேறு சோக் போட வேண்டும். பிறகு 40 கஜம். குண்டு மிக நெருக்கமாக விழுந்த இடத்தில் 10 அங்குல வட்டம் வரைந்து எண்ணுங்கள். நூறு இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் 35, 30 என்று நெருங்கி வாருங்கள். எந்தத் தூரத்தில் நூறு வருகிறதோ அதுதான் உங்கள் எல்லை, பெட்டி என்ன சொன்னாலும் சரி. ஒரு வெடியை நம்பாமல் மூன்று காகிதமாவது பாருங்கள். கடைசியாக 15 கஜத்தில் ஒன்று. இறுக்கமான சோக்கில் எல்லாக் குண்டும் ஒரு கைப்பிடி அளவுக்குள் போயிருக்கும். அருகில் வந்த சேவலைத் தவறவிடுவது ஏன் இவ்வளவு சுலபம் என்று அப்போது புரியும். காட்டில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துதான் சுடுவீர்கள், இங்கேயும் உட்கார்ந்தே சுடுங்கள். காதடைப்பு கட்டாயம்.

சட்டத்தில் மூன்று விஷயங்கள் உங்களைத் தொடும். மிசோரியில் வான்கோழிக்கு 4-ஆம் நம்பரைவிடப் பெரிய குண்டு கூடாது. சில அரசுப் பாதுகாப்பு நிலங்களில் ஈயமே கூடாது. போகப் போகும் இடத்தின் விதியை மாநிலத்தின் கன்சர்வேஷன் துறையிடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயம் கூடாத இடத்தில் மட்டும் டிஎஸ்எஸ் செலவு நியாயம்.

மூன்றாவது, நீங்கள் கேட்காதது, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. நண்பருடையதை இரவல் வாங்குவதும் ‘வைத்திருப்பது’தான், சுடுதளத்தில் காகிதத்தைச் சுடும் நாளிலும் இது பொருந்தும். எனவே முதலில் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு; 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மிசோரியில் அது கட்டாயம். அடுத்து வேட்டை உரிமம். தோட்டாக் கடை அதற்கப்புறம்தான். சீசன் ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கும், வகுப்புக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

துணி எடுக்கும்போது சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் வேண்டாம், உள்ளே போடும் பனியன், சாக்ஸ் உட்பட. வசந்த காலத்தில் வான்கோழிச் சேவலின் தலை அந்த மூன்று நிறத்தில்தான் இருக்கும். அதே காட்டில் உங்களைப் போலவே இன்னொருவரும் அந்தத் தலையைத் தேடி உட்கார்ந்திருப்பார்.