மேலே டீசல், கீழே உப்பு: உறைகிணற்றை இறைத்துத் தள்ளாதீர்கள்

கேள்வி: ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு உறைகிணறு 18 அடி ஆழம். சுமார் 100 அடி தள்ளி, விசைப்படகுகளுக்கு டீசல் நிரப்பி வைக்கும் நிலத்தடித் தொட்டி இருக்கிறது. சித்திரையிலிருந்து தண்ணீரில் டீசல் வாடை, மேலே வானவில் நிறப் படலம். இரண்டு நாள் மோட்டார் போட்டு இறைத்துவிட்டு பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். உங்கள் பக்கத்து மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மட்டத்தை ஒரு அடி இறக்கினாலும் உப்பு அந்தக் கணக்கில் மேலேறப் பார்க்கும். டீசலோ தண்ணீரைவிட இலேசானது. மட்டம் இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கி, புது மணலில் எல்லாம் பூசிக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு மருந்து, டீசலுக்கு அல்ல. எண்ணெய் மேல் பொடியாக விழுந்தால் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

முதலில் படலத்தைக் குச்சியால் கிழித்துப் பாருங்கள். சில்லுசில்லாக உடைந்து நின்றால் அது இரும்பு பாக்டீரியா. உடனே ஒன்றுகூடினால் எண்ணெய். எண்ணெய்தான் என்றால் குடிக்க, சமைக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் ஆவி அடுப்படியில்தான் நிற்கும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரமும் காப்பாற்றாது, எண்ணெய் பட்டால் அதன் சவ்வு கெடும். தூர் வார யாரையும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். உள்ளே மூச்சுக்காற்று குறைந்திருக்கலாம், ஆவி தீப்பற்றலாம்.

கசிவு நிற்காமல் எந்தச் சுத்திகரிப்பும் வீண். தொட்டிக்காரர் இரவு மூடும்போதும் காலை திறக்கும்போதும் டிப் ராடு (அளவு குறித்த நீளக் கம்பி) விட்டு அளவு பார்க்கட்டும். இரவில் எடுக்காமலே அளவு குறைந்திருந்தால் கசிவு என்று சந்தேகிக்கலாம். ராடின் நுனியில் தண்ணீர் காட்டும் பேஸ்ட்டைத் தடவி விட்டால், அடியில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்பதும் தெரியும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். சுத்திகரிப்புச் செலவு கசியவிட்டவருடையது.

மிதக்கும் டீசலை மட்டும் மேலாக எடுக்க வேண்டும். எண்ணெயை உறிஞ்சி நீரை விலக்கும் பாலிபுரொப்பிலீன் உருளைகளை நீர்மட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஊறியதும் மாற்றலாம். ஊறிய உருளைகள் அபாயகரக் கழிவு. தரவையிலோ (வெட்டவெளித் தரிசிலோ) கடலிலோ போடாமல் வாரிய அனுமதி பெற்றவரிடம் கொடுக்க வேண்டும்.

மணலில் ஒட்டியதை மண்ணின் பாக்டீரியாவே தின்னும், காற்று கிடைத்தால். ஒரு கிராம் டீசலுக்குச் சுமார் 3 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் அளவே தாங்கும். அதனால்தான் குழாய் வழியாக மெல்லக் காற்று செலுத்துகிறார்கள். மாதக்கணக்கில் ஆகும். இடையில் அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்படாதீர்கள். காற்றில்லாத இடத்தில், கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு டீசலைச் சிதைக்கும் பாக்டீரியாவின் வேலையாக அது இருக்கலாம்.

கண்காணிக்க, தொட்டிக்கும் வீட்டுக்கும் இடையிலும் பக்கங்களிலுமாகக் குறைந்தது மூன்று குழாய்கள், ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. மூன்றின் நீர்மட்டத்தை ஒப்பிட்டால்தான் தண்ணீர் ஓடும் திசை தெரியும். 2 அங்குல பி.வி.சி. போதும். குழாயில் நீர் புகத் துளையிட்ட பகுதி கோடையின் அடிமட்டத்துக்குக் கீழிருந்து அடைமழையின் மேல்மட்டத்துக்கு மேல்வரை இருக்க வேண்டும். துளைகள் முழுதும் நீரில் மூழ்கிப்போனால் மிதக்கும் டீசல் குழாய்க்குள் வராது. உப்பைத் தொடும் ஆழத்துக்குப் போகாதீர்கள். மூட்டுகளுக்குப் பசை வேண்டாம், மரை போட்ட குழாய் வாங்குங்கள். பசையின் கரைப்பான் ஆய்வில் மாசாகவே வந்து நிற்கும்.

மாதிரி எடுக்க 40 மில்லி கண்ணாடிக் குப்பி, பிளாஸ்டிக் கூடாது. குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஆய்வகம் தரும் அமிலத்துடன் ஐஸில் வைத்து, 14 நாளுக்குள் சோதிக்க வேண்டும். எண்ணெயில் இருக்கும் புற்றுநோய்ப் பொருளான பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆனால் டீசலில் பென்சீன் குறைவு. அது மட்டும் சுத்தம் என்று வரும் அறிக்கையை நம்பாதீர்கள். மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், நாப்தலீன் இரண்டையும் கேளுங்கள். இவற்றுக்குத் தனிப் பாட்டில் உண்டு. உப்பு ஏறுகிறதா என்று மின்கடத்துதிறனையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். கார்த்திகையில் மட்டம் ஏறும்போது டீசல் நீருக்கடியில் மணலில் சிக்கிப் படலம் மறைந்துவிடும். பங்குனி, சித்திரையில் மறுபடி தலைகாட்டும். அதனால் காற்றை நிறுத்திய பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு முழுக் கோடையும் அறிக்கை சுத்தமாக வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குழாய்த் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள்.