வாசகர் கேள்வி: நியூயார்க்கின் 107.5

கேள்வி: குவீன்ஸில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறோம். டபிள்யூ.பி.எல்.எஸ். 107.5 எஃப்.எம். வானொலி கரகரக்கிறது. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த நிலையத்தின் ஒலிபரப்பு ஆன்டெனா எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் இருக்கிறது. உங்களுக்குச் சிக்னல் தாராளமாகவே கிடைக்கும். நேராக வரும் அலையும் சுற்றியுள்ள கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையும் முன்பின்னாக வந்து மோதுவதால்தான் பெரும்பாலும் இந்தக் கரகரப்பு. 'ஸ்', 'ஷ்' ஒலிகள் பிசிறடித்தால் சந்தேகமே இல்லை. பூஸ்டர் இரண்டையும் சேர்த்தே பெருக்கும்.

முதலில் ரேடியோவை 70 செ.மீ. நகர்த்திப் பாருங்கள். 107.5 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 2.79 மீட்டர், அதில் கால்பங்கு நகர்ந்தாலே ஒலி தெளியலாம். தெளியாவிட்டால், 66 செ.மீ. செம்புக் கம்பி இரண்டை ஒரே நேர்க்கோட்டில் பொருத்தி, ஒன்றைக் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியிலும் மற்றதை வெளிவலையிலும் இணையுங்கள். கம்பியின் முனை அல்ல, பக்கவாட்டுதான் எம்பயர் ஸ்டேட் கட்டடம் இருக்கும் மன்ஹாட்டனைப் பார்க்க வேண்டும். பலரும் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். இரும்புக் கிராதி, ஹீட்டர் அருகே வைக்காதீர்கள். மிச்ச இரைச்சலுக்கு, ஸ்டீரியோவை ஒற்றை ஒலியாக்கும் மோனோ பொத்தான் போதும்.

கேள்வி: அதில் புதிய ஹிப்ஹாப் ஏன் குறைவு?

பதில்: இப்போது அது வயதுவந்தோருக்கான ஆர் அண்ட் பி, சோல் இசை நிலையம். புதியதற்கு 97.1 அல்லது 105.1. ஆனால் 107.5-ஐ ஒதுக்கிவிடாதீர்கள். 1970களில் வானொலி அறிவிப்பாளர் ஃப்ராங்கி கிராக்கர் சோல், டிஸ்கோ, ஜாஸ் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோத்து, 'அர்பன் கண்டெம்பரரி' பாணிக்கு வடிவம் கொடுத்தது இங்கேதான். 1980களில் டி.ஜே. மிஸ்டர் மேஜிக்கின் ராப் நிகழ்ச்சியும் இதே அலைவரிசையில்தான் ஒலித்தது.