பிஸ்டலுக்கு வேறு ட்ரிகர்: மாட்டலாமா, சுட்டுப் பார்க்கலாமா?

வாசகர் ஒருவர் எழுதியிருப்பது சுருக்கமாக இது: “ரைஃபிள் கிளப் உறுப்பினர் நான். போட்டிப் பயிற்சிக்காக லைசென்ஸ் வாங்கி, டீலர் மூலமாக ஒரு .22 பிஸ்டல் வைத்திருக்கிறேன். ட்ரிகர் ரொம்பக் கனம், இழுக்கும்போது கை ஆடுகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா மகன் என் பிஸ்டலுக்குப் பொருந்தும் ட்ரிகரும் ஸ்பிரிங்குகளும் அடங்கிய ஒரு கிட்டை பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். இன்னும் மாட்டவில்லை. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் அரை மணி நேர வேலை என்கிறார். மாட்டிவிட்டு எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நாலு தோட்டா சுட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். துப்பாக்கிக்கே லைசென்ஸ் இருக்கும்போது ஒரு உதிரிபாகத்தில் என்ன பிரச்சினை?”

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கிட்டை மாட்டாதீர்கள். பிரித்த உறையோடு அப்படியே ஓரமாக வையுங்கள், மேலே படியுங்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. உங்கள் லைசென்ஸ் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும், எடுத்துச் செல்லவும், சொன்ன காரியத்துக்குப் பயன்படுத்தவும்தான். ட்ரிகரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது, மாட்டுவது, சோதிப்பது எல்லாம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தனித்தனிக் காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. கையில் ஒரு லைசென்ஸ் இருப்பதால் மற்றவை தானாக வந்துவிடாது.

“வெறும் பாகம்தானே” என்பதை எடுத்துக்கொள்வோம். ஆயுதச் சட்டத்தின் பிரிவு 2-இல் ஆயுதம் என்ற சொல்லுக்குள்ளும் துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளும் அவற்றின் பாகங்களும் அடக்கம். சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்தவர்கள் உடனே பிரிவு 45(டி)-யைக் காட்டுவார்கள்: சின்னச் சின்ன பாகங்களை வைத்திருப்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அங்கே ஒரு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதன் பின்பாதியையும் படிக்க வேண்டும். அந்தப் பாகம், அவரோ வேறு யாரோ வைத்திருக்கும் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்காக இல்லாதபோதுதான் விலக்கு. அலமாரியில் அழகுக்கு வைத்த பழைய ட்ரிகர் என்றால் சரி. உங்கள் பிஸ்டலுக்கென்றே மாடல் பார்த்து வாங்கிய ட்ரிகருக்கு இந்த விலக்கு கிடைக்காது. “வேறு யாரோ” என்ற சொல் அக்கா மகனையும் சேர்த்தே பிடிக்கிறது, ஏனென்றால் அவர் கொண்டுவந்தது உங்களுக்காக.

அவர் விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. பிரிவு 10-இன்படி ஆயுதங்களை, அதாவது பாகங்களையும் சேர்த்து, இந்தியாவுக்குள் கொண்டுவர லைசென்ஸ் வேண்டும். அதே பிரிவில் ஒரு சலுகையும் உண்டு: சட்டப்படி வைத்திருக்க உரிமை உள்ளவர் தன் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் கொண்டுவரலாம், சந்தேகம் வந்தால் சுங்கத்துறை அதைத் தடுத்து வைத்து மத்திய அரசின் உத்தரவுக்குக் காத்திருக்கும். நீங்களே போய், நீங்களே அறிவித்து, நீங்களே கொண்டுவந்திருந்தால் இந்தச் சலுகையை வைத்து ஏதாவது வாதாடியிருக்கலாம். லைசென்ஸ் இல்லாத மருமகன் இன்னொருவருக்காகக் கொண்டுவந்ததை “சொந்த உபயோகம்” என்று எப்படிச் சொல்வது? அவர் சுங்கச் சட்டம் பிரிவு 77-இன்படி பெட்டியில் இருந்ததை அறிவித்தாரா என்று கேளுங்கள். அறிவிக்கவில்லை என்றால் பொருளைப் பறிமுதல் செய்யப் பிரிவு 111-உம், அபராதத்துக்குப் பிரிவு 112-உம் இருக்கின்றன. பிரிவு 108-இன் கீழ் சம்மன் வந்தால் அங்கே சொல்வது சாட்சியமாகும், போலீஸிடம் சொல்வதுபோல் இல்லை. அதனால் அப்படி ஒரு தாள் வந்தால் அவர் தனியாகப் போய் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டாம், முதலில் வழக்கறிஞரைப் பார்க்கட்டும். எந்த நாட்டிலிருந்து வாங்கினாரோ அந்த நாட்டு ஏற்றுமதி விதிகள் வேறு இருக்கின்றன, அதற்குள் நான் போகவில்லை.

இப்போது லேத் நண்பர். ஆயுதச் சட்டம் பிரிவு 5, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் சோதிக்கவும் கூடாது என்கிறது. இதை மீறினால் பிரிவு 25(1). 2019 திருத்தத்துக்கு முன் அதற்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. இப்போது குறைந்தபட்சமே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கள்ளத்துப்பாக்கிப் பட்டறைகளை நினைத்துப் போட்ட தண்டனைதான், சந்தேகமில்லை. ஆனால் பிரிவின் வாசகத்தில் “வியாபாரமாகச் செய்தால்” என்ற சொல் கிடையாது. அரை மணி நேர உதவிக்காக உங்கள் நண்பரை இந்த வாசகத்தின் முன்னால் நிறுத்தப் போகிறீர்களா? போதாததற்கு, வைத்திருக்க உரிமை இல்லாதவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்ததற்குப் பிரிவு 29 உங்கள் மேலும் வரும்.

“சரி, நானே மாட்டுகிறேன்” என்பீர்கள். கழற்றித் துடைத்து எண்ணெய் போடுவதை யாரும் பழுதுபார்ப்பு என்று வழக்குப் போடமாட்டார்கள். ட்ரிகரும் ஸ்பிரிங்கும் சுடும் இயக்கத்தின் உறுப்பு, அது வேறு கதை. துப்பாக்கியின் வகை மாறவில்லை, குழலைத் தொடவில்லை, வரிசை எண்ணை அழிக்கவில்லை, அதிகபட்சம் லைசென்ஸ் நிபந்தனை மீறல்தான், பிரிவு 30-இல் 6 மாதம் அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், அதற்கு மேல் இல்லை என்று நான் உங்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடலாம். வாதம் மோசமில்லை, எடுபடவும் கூடும். ஆனால் அதற்குள் முதல் தகவல் அறிக்கை, துப்பாக்கி பறிமுதல், தடய அறிவியல் ஆய்வகம், பிரிவு 17-இல் லைசென்ஸ் ரத்து, பிரிவு 18-இல் மேல்முறையீடு என்று வருடங்கள் ஓடியிருக்கும்.

எப்படித் தெரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறார்கள், லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கொண்டுவந்து காட்டச் சொல்கிறார்கள். அதைவிட, கிட்டின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டதாகக் கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! இனி எதையும் போடாதீர்கள். அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம், கிட்டைக் கிணற்றில் வீசவும் வேண்டாம். சாட்சியத்தை மறைப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பிரிவு 238-இல் தனிக் குற்றம்.

வேலை சொதப்பினால் இன்னும் பெரிய வம்பு. ஸ்பிரிங் மெலிந்தோ, கொக்கி பிடிக்கும் விளிம்பு தேய்ந்தோ போனால், ஒருமுறை அழுத்தியதற்கு அடுத்தடுத்து தோட்டா போகும் நிலை வரலாம். விரலை எடுக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும்படி அமைந்த அல்லது அப்படி மாற்றப்பட்ட துப்பாக்கி தடைசெய்யப்பட்ட ஆயுதம். அதை வைத்திருந்தாலே பிரிவு 25(1ஏ), 7 முதல் 14 ஆண்டு. வேண்டுமென்று செய்யவில்லை, பழுது என்று நிரூபிக்கலாம்தான், ஆனால் அதை ஆய்வக அறிக்கையோடு மல்லுக்கட்டி நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

கிணற்று மேட்டில் சுடுவதை நினைக்கவே வேண்டாம். .22 தோட்டா சின்னது என்று இளக்காரமாகப் பார்க்கிறார்கள், அது ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும், கல்லில் பட்டால் திசை மாறும். உங்கள் லைசென்ஸ் பயிற்சிக்கானது, பயிற்சிக்கு இடம் சுடுதளம். அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால் 2019-இல் சேர்த்த பிரிவு 25(9), 2 ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். யாராவது இறந்துபோனால் நியாய சன்ஹிதா பிரிவு 106, 5 ஆண்டுவரை. அந்த நேரத்தில் எல்லோரும் சொல்வது “தெரியாமல் வெடித்துவிட்டது” என்பதுதான். நியாய சன்ஹிதா பிரிவு 18-இல் விபத்து என்ற பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அது சட்டப்பூர்வமான காரியத்தை, சட்டப்பூர்வமான முறையில், தக்க கவனத்தோடு செய்தவருக்கு மட்டும். ஆய்வகத்தில் ட்ரிகரின் இழுவிசையை அளந்து எழுதுவது வழக்கமான வேலை. அனுமதியில்லாத ட்ரிகரை வீட்டில் மாட்டி, தோட்டத்தில் சுட்டவர் எந்த முகத்தோடு அந்தப் பாதுகாப்பைக் கேட்பார்?

அப்புறம் என்னதான் செய்வது? கனமான ட்ரிகர் உண்மையான பிரச்சினைதான், அதைச் சரிசெய்வது குற்றமில்லை. பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ள டீலரிடம் போங்கள், அந்த லைசென்ஸைப் பார்த்துவிட்டே துப்பாக்கியைக் கொடுங்கள். ஆயுதச் சட்டம் பிரிவு 3-இன்படி உங்கள் எழுத்துப்பூர்வ அதிகாரத்தோடு இன்னொருவர்கூடப் பழுதுக்காகத் துப்பாக்கியை எடுத்துப் போகலாம், ஆனால் நீங்களே போவது நல்லது. பல நேரங்களில் சுத்தம் செய்து, இருக்கும் ட்ரிகரையே சரிசெய்தால் போதுமானதாக இருக்கும். பாகம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் லைசென்ஸ் அதிகாரிக்கு, மாவட்டத்தில் ஆட்சியர், மாநகரக் காவல் எல்லையில் காவல் ஆணையர், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், இறக்குமதியை உரிய அனுமதியோடு டீலர் வழியாகவே செய்யுங்கள். வேலை முடிந்ததும் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, சேஃப்டி போட்டால் ட்ரிகர் இறங்குகிறதா, தட்டினாலோ ஸ்லைடை வேகமாக விட்டாலோ சுத்தி விழுகிறதா, இழுவிசை எவ்வளவு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சுட்டுப் பார்ப்பது அதற்கு அப்புறம், சுடுதளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, முதலில் ஒரே தோட்டா போட்டு.

இன்னொன்று, ரொம்ப இலேசாக்கிவிட்டால் போட்டிக்கே ஆகாது. சர்வதேச விதிப்படி 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் ட்ரிகர் குறைந்தது 1,000 கிராம் தாங்க வேண்டும், எடைக்கல் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது கையில் இருக்கும் கிட்டுக்கு வருகிறேன். பில், ஆர்டர் செய்த மின்னஞ்சல், மருமகனின் டிக்கெட் நகல், உங்கள் லைசென்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே குற்றவியல் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். மாட்டப்படாத கிட்டை அவர் மூலமாக, எழுத்தில், ஒப்புகை வாங்கிக்கொண்டு ஒப்படைப்பதுதான் என் யோசனை. யாரிடம் ஒப்படைப்பது, கடிதத்தில் என்ன வாசகம் இருக்க வேண்டும், மருமகன் திரும்பிப் போவதற்கு முன்னால் செய்வதா பின்னால் செய்வதா, முன்ஜாமீன் மனு தேவைப்படுமா என்பதெல்லாம் தாள்களைப் பார்த்த பிறகே முடிவு செய்ய முடியும். அதுவரை பிஸ்டலை எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோக வேண்டாம்.