நாமினி அண்ணன்தான், பணம் ஐந்து பேருக்கு

கேள்வி: அப்பா நான்கு மாதத்துக்கு முன் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. ரயில்வே சம்பளத்தில் அவரே மனை வாங்கிக் கட்டிய வீடு பெரம்பூரில் இருக்கிறது, வங்கியில் 12 லட்சம் ரூபாய் டெபாசிட் இருக்கிறது. டெபாசிட்டுக்கு நாமினி அண்ணன். அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, அண்ணன், நான், தம்பி எல்லோரும் இருக்கிறோம். நாங்கள் இந்துக்கள். "வங்கிப் பணம் நாமினிக்குத்தான், வீட்டுக்கு புரொபேட் வாங்கணும், நீ இதில் கையெழுத்து மட்டும் போடு" என்று அண்ணன் வெற்றுத்தாளை நீட்டுகிறார். கல்யாணத்தில் போட்ட நகையோடு என் பங்கு முடிந்துவிட்டதாம். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் எழுதாத தாளில் நாளைக்கு என்ன எழுதப்படும் என்று யாருக்கும் தெரியாது. எழுதி முடித்து, பக்கத்துக்குப் பக்கம் நீங்கள் படித்த பிறகுதான் பேனா.

புரொபேட் என்பது உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் உறுதி செய்து தருவது. உயிலே இல்லாத உங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து இது, அதனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிற முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள், அப்புறம் இறந்தவரின் தாய். பலரும் தடுக்கி விழுவது இந்தக் கடைசிப் பெயரில்தான். உங்கள் பாட்டிக்கும் முழுப் பங்கு உண்டு. ஆக மொத்தம் ஐந்து பேர், ஆளுக்கு ஐந்தில் ஒன்று. கல்யாணத்தில் போட்ட நகையை இந்தப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் வழியில்லை. (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு, இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

சரி, டெபாசிட்டுக்கு வருவோம். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைக் கைநீட்டி வாங்குவதற்கான ஆள், அவ்வளவுதான். வாங்கிய பணத்தை அவர் வாரிசுகள் எல்லோருக்குமாக வைத்திருக்கிறார் என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. கம்பெனிப் பங்குகளில் (ஷேர்) கூட நாமினி முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரிலும் தீர்ப்பு வந்தது. ஆகவே அந்த 12 லட்சத்தில் உங்களுக்கு 2.40 லட்சம் சேர வேண்டும்.

ஆனால் ஒன்று: வங்கி மேலாளரைப் பார்த்து "அண்ணனுக்குக் கொடுக்காதீர்கள்" என்று மனு கொடுத்தால் அது நிற்காது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நாமினியிடம் கொடுத்ததுமே வங்கியின் பொறுப்பு முடிந்தது, மற்ற யாருடைய கோரிக்கையையும் அவர்கள் பார்க்க வேண்டியதில்லை, நீதிமன்ற உத்தரவு வந்தால் மட்டும் கட்டுப்பட வேண்டும். அதனால் அண்ணன் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுவார் என்று நிஜமாகவே பயம் இருந்தால், எடுக்கும் முன்பே வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பித் தடையுத்தரவு கேளுங்கள். எடுத்த பின்பும் வழக்குப் போடலாம், ஆனால் கையை விட்டுப் போன காசைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்று நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன். (எல்ஐசி பாலிசி ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கை அதற்குப் போடாதீர்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருக்கும் காப்பீட்டுக்கு விதி வேறு.)

அடுத்து வாரிசுச் சான்றிதழ். இறப்புச் சான்றிதழ், ஆதார், உறவைக் காட்டும் ஆவணங்களோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், விசாரணைக்குப் பிறகு தாசில்தார் தருவார். அண்ணன் ஏற்கெனவே வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள், வாங்கியிருந்தால் ஐந்து பெயரும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வயதான தாயின் பெயரை "அவங்களுக்கு எதுக்கு" என்று விட்டுவிடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. பிறகு வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடிப்பார். இன்னொன்று, இந்தச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று காட்டுமே தவிர, வீட்டை யாருக்கும் பிரித்துக் கொடுத்துவிடாது.

பாட்டி விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் எதுவும் எழுதி வைக்காமல் போய்விட்டால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். அதாவது உங்கள் அத்தை, சித்தப்பா எல்லோரும் பெரம்பூர் வீட்டில் பங்குதாரர் ஆகிவிடுவார்கள். உங்கள் அப்பாவின் இடத்தில் பிள்ளைகள் நீங்கள் மூவரும் வருவீர்கள், உங்கள் அம்மா வரமாட்டார். அதற்காகப் பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் கைநாட்டு வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அது அநியாயம். வீட்டில் உள்ள பங்குக்கு ஈடாக டெபாசிட்டில் கூடுதல் தொகை கொடுத்து, அதை அவர் பெயரிலேயே போட்டு, மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் இருக்கும்படி செய்துவிட்டு, அவர் மனசோடு சம்மதித்தால் பத்திரம் எழுதுங்கள்.

வீட்டை ஒருவரே வைத்துக்கொள்வதென்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், பிரித்துக்கொள்வதென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம். இரண்டையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், வீட்டில் உட்கார்ந்து 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் வீட்டுப் பங்கு கைமாறாது. குடும்பத்துக்குள் எழுதினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக்கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. இது 2023 ஜூலையில் உயர்த்திய கணக்கு. உங்கள் பங்கின் மதிப்பு 18 லட்சம் என்று வைத்தால் தீர்வை 18,000, கட்டணம் 10,000. அந்தப் பங்குக்கு அண்ணன் உங்களுக்கு என்ன தருகிறார் என்பதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள், காசோலை எண்ணோடு.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மூலப்பத்திரத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அப்பா இறந்த பிறகு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று. அப்புறம் அம்மாவையும் தம்பியையும் பாட்டியையும் வைத்துக்கொண்டு அண்ணனிடம் ஐந்து பங்குக் கணக்கை நேரில் பேசுங்கள். இது நாமினிக்கே சொந்தம் என்று அவர் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருக்கலாம்.