இருபது லட்சம் பேர் வந்தும் டாலர் தட்டுப்பாடு ஏன்?

கேள்வி: ஐந்து லட்சம் சொச்சம் பேர் வாழும் மாலத்தீவுக்கு 2024-ல் இருபது லட்சத்துக்கும் மேல் சுற்றுலாப் பயணிகள் வந்திருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டாலருக்குத் திண்டாடி, இந்தியாவிடம் 40 கோடி டாலர் உதவி பெற்றது எப்படி?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: வந்த தலைகளை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. செலவழித்த பணத்தில் எவ்வளவு நாட்டுக்குள் தங்கியது என்று பார்க்க வேண்டும்.

1972-ல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் வந்தது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதே பிறகு வழக்கமானது. அப்படி ஒரு தீவை நடத்த மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர் வேண்டும், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வேண்டும். மீனும் தேங்காயும் போக அரிசி, இறைச்சி, மெத்தை, கண்ணாடி எல்லாமே இறக்குமதி. உங்கள் ஊரிலிருந்து தோணியில் தலைநகர் மாலே போகும் காய்கறியும் இந்தக் கணக்கில் வருவதுதான். ஊழியர்களில் பெரும்பகுதி வங்கதேசம், இந்தியா, இலங்கையைச் சேர்ந்தவர்கள். சம்பளம் ஊருக்குப் போய்விடுகிறது. வெளிநாட்டு முகவர் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் ரிசார்ட்டுக்கு அனுப்புவார்.

அரசு பிடித்து வைப்பது வரியில். ரிசார்ட்டில் தம்பதி நான்கு இரவு தங்கி, 2,000 டாலர் பில் வந்தால், சுற்றுலாச் சரக்கு-சேவை வரி இப்போது 17 சதவீதம்: 340 டாலர். பசுமை வரி தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர்: 96. ஆக 436 டாலர். இது நல்ல வரவுதான். ஆனால் பாலம், விமான நிலையம், குடியிருப்பு என்று கடன் வாங்கிக் கட்டியவற்றின் தவணையையும் டாலரில் கட்ட வேண்டும். ரிசார்ட்டுகள் வருமானத்தில் ஒரு பங்கை உள்ளூர் வங்கியில் மாற்றியாக வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தது அதனால்தான்.

கேள்வி: அப்படியானால் சுற்றுலாவால் நாடு முன்னேறவில்லையா?

பதில்: முன்னேறியது. மீனை நம்பியிருந்த நாடு 2011-ல் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறியது. ஒற்றைத் தொழிலை நம்பியதன் விலையை 2020-ல் கொடுத்தது: மார்ச் இறுதியில் எல்லையை மூடி ஜூலை நடுவில் திறந்தது, அந்த ஆண்டு பொருளாதாரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது.

மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளில் 2010 வாக்கில் பரவத் தொடங்கிய விருந்தினர் இல்லங்களை நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். அறை வாடகை தீவுக்காரர் கைக்கு வருகிறது. படகோட்டிக்கும் டீக்கடைக்கும் பிழைப்பு கிடைக்கிறது. அங்கே இடறுவது குப்பையும் கழிவுநீரும். அவற்றுக்கு வழி செய்துவிட்டு அறைகளைக் கூட்டுவதே சரியான வரிசை.