செகண்ட் ரிவர் கோயில்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை.)

கேள்வி: மகனைப் பார்க்க டர்பன் வந்தபோது, கேட்டோ மேனர் பகுதியில் செகண்ட் ரிவர் கோயில் என்று சொல்லும் அம்பலவாணர் ஆலயத்துக்கு அழைத்துப் போனான். 1875-இல் தோன்றிய கோயில் என்றார்கள். ஆனால் கட்டடம் 1947-இல் எழுந்ததாம். பிறகு எப்படி அது பழைய கோயிலாகும்? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: அம்மா, கருவறைக் கதவுகளைக் கவனித்தீர்களா? அவை இப்போதைய கட்டடத்தைவிட மூத்தவை. அம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் எழுப்பிய கோயிலை 1905 வெள்ளம் அழித்தது. அதிலிருந்து மீட்ட செதுக்குக் கதவுகளைத்தான் 1947-இல் கட்டிய கருவறையில் பொருத்தினார்கள். அடுத்த முறை சன்னிதியில் நிற்கும்போது தீபாராதனைக்கு முன் அந்த மரத்தை ஒரு நிமிடம் பாருங்கள்.

கட்டியவர்கள் யார் என்பதையும் நினைக்க வேண்டும். சென்னையிலிருந்து 342 பேரோடு புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16-இல். கரும்புத் தோட்ட வேலைக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். அதற்குப் பதினைந்தே ஆண்டுகளில், மன்னரோ மடமோ துணையில்லாமல் சாமிக்கு ஒரு வீடு எழுப்பிவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுக் கோயில்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது சிறியதாகத் தெரியலாம். எனக்கு இது மிகப் பெரிது.

வெள்ளத்துக்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஆயா வீடு கேட்டோ மேனரில் இருந்தது. பின்னால் கீரைப்பாத்தி, முன்னால் முருங்கை. 1958-இல் அந்தப் பகுதி வெள்ளையருக்கு மட்டும் உரியது என்று அறிவிக்கப்பட்டது. தோட்டக்காரக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். எங்களைப் போல் பலர் இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வீடு போயிற்று, முருங்கையும் போயிற்று, கோயில் நின்றது. சனங்கள் பஸ் பிடித்துத் திரும்பி வந்து கும்பிட்டார்கள். 1980-இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். ஆற்றங்கரையில் தொடங்கிய வழிபாடு இன்றும் நடக்கிறதே அம்மா, அதன் வயதைத்தான் நாங்கள் கணக்கிடுகிறோம்.

கேள்வி: அம்பலவாணர் என்றால் சிவபெருமான். அவர் கோயிலில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி ஏன்? பாரதப் போர் முடிந்து திரௌபதி தீயில் இறங்கியதாக வியாசர் சொல்லவில்லையே? (ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. வியாசரிடம் அவள் துருபதனின் வேள்வித் தீயிலிருந்து பிறக்கிறாள், அவ்வளவுதான். மீண்டும் தீயில் இறங்குவது நம் ஊர்களின் கதை. சபையில் கூந்தலைப் பிடித்து இழுத்தவன் துச்சாதனன். அவன் குருதியைப் பூசும்வரை கூந்தலை முடிவதில்லை என்று சபதம் செய்தவள், போர் முடிந்ததும் கூந்தல் முடித்து, தன் தூய்மையை நிறுவத் தீயில் நடக்கிறாள். செஞ்சியைச் சுற்றிய ஊர்களில் இன்றும் பல நாள் பாரதம் படித்து, கூத்தாடி, துரியோதனனை மண்ணில் பெரிய உருவமாகக் கிடத்தி, அவன் வீழும் படுகளச் சடங்கை முடித்த பிறகுதான் தீ மிதிப்பார்கள்.

கப்பலேறிய தமிழரில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டத்தார். அம்பலவாணர் ஆடும் சிதம்பரமும் அன்றைய தென் ஆர்க்காட்டில்தான் இருந்தது, செஞ்சியும் அங்கேதான். அப்படியிருக்க, அப்பனையும் அம்மனையும் ஒரே வளாகத்தில் வைத்து வணங்குவது அவர்களுக்கு இயல்பாக வந்திருக்கும். என் வரையில் இதில் முரண் எதுவுமில்லை.

பங்குனி, சித்திரையில் வரும் தீமிதி இங்கே ஈஸ்டரை ஒட்டி நடப்பதற்குக் காரணம் கரும்புத் தோட்டம். தொழிலாளிக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது அப்போதுதான். விரதமிருந்து மஞ்சள் உடுத்தி ஆண்களும் பெண்களும் நடப்பார்கள். பார்க்க வருபவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: குழிக்கு முன் நிற்பவரின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டாதீர்கள். அவர் அம்மனோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: ஆடி மாதம்தான் எனக்கு விடுப்பு. அப்போது வந்தால் ஏதாவது பார்க்க முடியுமா? (ஒரு வாசகர், கோலாலம்பூர்)

பதில்: தீமிதி கிடைக்காது. ஆனால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். இங்கே ஆடி குளிர்காலம். கம்பளி எடுத்து வாருங்கள், காலையிலேயே போய்விடுங்கள். மவுண்ட் எட்ஜ்கோம், இசிப்பிங்கோ இரண்டு ஊர் மாரியம்மன் கோயில்களும் பழையவை. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.